வெள்ளைச் சட்டைக்குள் ஒரு பசு

ஓல்டன்சால், நெதர்லாந்து
4 பிப்ரவரி 2024

அன்புள்ள தம்பி யெல்லே,

ஒரு முறை என் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். வணிகம் பற்றிய பாடத்துக்காக, எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியில் இருக்கும் பென்ட்ஹைம் ரயில் நிலையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். கூட்ஸ் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. நீல இஞ்சின், பச்சை இஞ்சின், பாதி மஞ்சளும் பாதி கறுப்புமாக ஒன்று. பத்து வயது ஃபென்னா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், வாடகை இஞ்சின் யாரோட சட்டையப் போட்டுக்கும்? சொந்தக்காரங்க சட்டையா, வாடகைக்கு எடுத்தவங்க சட்டையா?"

நான் அவளுடைய பாடப்புத்தகத்தைக் காட்டினேன். "புத்தகம் பள்ளிக்கூடத்தோடது. மேல போட்டிருக்கிற பூப்போட்ட அட்டை உன்னோடது. வருஷக் கடைசில என்ன செய்வ?"

"அட்டையக் கழட்டிட்டுத் திருப்பிக் குடுப்பேன்."

"அவ்வளவுதான். இஞ்சினும் அப்படித்தான்."

உனக்கு இதெல்லாம் தெரியும். இருந்தாலும் முதலிலிருந்து சொல்வதுதான் என் வழக்கம். அந்த வருடம் ரேவன்லோக் என்ற வாடகை நிறுவனம், தன் இஞ்சின் ஒன்றுக்கு வண்ணம் தீட்டப் பள்ளிகளுக்கிடையே போட்டி வைத்ததும், என் வகுப்பு ஜெயித்ததும் உனக்குத் தெரியும். இஞ்சினின் முழு நீளத்துக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் பசு. அதன் ஒவ்வொரு கறுப்புத் திட்டும் ஒரு நாட்டின் வடிவம். ஜெர்மனி முதுகில், ஆஸ்திரியா வயிற்றில், இத்தாலி தொடையில். எண் 417. பிள்ளைகள் தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு என் பணி ஓய்வு விருந்தில் அதே ஃபென்னா, இப்போது லோஸ்ஸரில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள், "நம்ம பசு இப்ப எங்க டீச்சர்?" என்று கேட்டபோது நீ கையில் கேக்கோடு எழுந்து என்ன சொன்னாய் என்பதும் உனக்குத் தெரியும். "அது செத்துப்போச்சு. பழைய இரும்புக் குவியல்ல என் கண்ணாலயே பார்த்தேன்." அதற்கு நான் உன்னிடம் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை.

அன்றிலிருந்து உன் செல்பேசியில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரைத் தடுக்க முடியாது, பார்த்தாயா.

எழுதக் காரணம் இதுதான். எங்கள் ரயில் ரசிகர் சங்கப் பத்திரிகையில் ஒரு படம் வந்திருக்கிறது. உன் ஊர் ஹால்ஸ்பெர்க் ரயில் யார்டு. தலை முதல் வால் வரை வெள்ளையாக ஓர் இஞ்சின். மேலே 'நூர்ஃபிராக்ட்' என்று எழுத்து. எண் 931. பார்க்க எந்த விசேஷமும் இல்லை. ஆனால் மாலை வெயில் சாய்வாக விழுந்ததில், பின்பக்கச் சுவரில் ஒரு புடைப்பு தெரிகிறது. கேள்விக்குறி மாதிரி ஒரு வளைவு. எங்கள் பசுவின் வாலைப் பன்றி வாலாக வரைந்து வைத்த பையன் ஒருவன் இருந்தான். அது அந்த வால்தான் என்று என் மனம் அடித்துக்கொள்கிறது.

ஏப்ரலில் அந்த வகுப்புப் பிள்ளைகள் மறுபடி கூடுகிறார்கள். பசு உயிரோடு இருந்தால் நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீ தினமும் அந்த யார்டில்தான் நிற்கிறாய். ஒரு தடவை போய்ப் பார்.

உன் அக்கா,
ரென்ஸ்கே


ஹால்ஸ்பெர்க், சுவீடன்
13 பிப்ரவரி

அக்கா,

கடிதம் கிடைத்தது. இங்கே தபால் நத்தை மேல் வருகிறது, அதனால் தாமதம். வேறு காரணம் இல்லை என்று எடுத்துக்கொள்.

பசு செத்துவிட்டது. மறுபடி சொல்கிறேன், செத்துவிட்டது. நானும் என் மனைவி குனில்லாவும் விடுமுறையில் ஜெர்மனி போனபோது காரின் சைலன்சர் உடைந்தது. பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடம் போனோம். அங்கே உடைந்த துணிதுவைக்கும் இயந்திரங்களுக்கு நடுவில், மல்லாந்து கிடந்தது உன் பசு. நீண்ட இமைமயிர், பெரிய ஈரமான கண், மூக்கு ஓட்டைக்குக் கீழே 417 என்ற எண். அந்தக் கண் என்னையே பார்த்தது. "இது உங்க அக்காவோட பசு இல்ல?" என்று குனில்லா கேட்டாள். அவளுக்கே அழுகை வந்துவிட்டது. இதைத்தான் விருந்தில் சொன்னேன். பிள்ளைகள் எத்தனை காலம்தான் ஏமாந்து காத்திருப்பார்கள்?

அதற்கு நீ, ஊர் கூடி இருந்த இடத்தில், "நீ போய் உன் வண்டிச் சக்கரத்தைத் தட்டு" என்றாய். ஆமாம், நான் வண்டிப் பரிசோதகன்தான். சக்கரம், பிரேக், கொக்கி எல்லாம் தட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. நான் தட்டாமல் விட்டால் வண்டி புரண்டுவிடும், டீச்சரம்மா.

பத்திரிகைப் படத்தில் தெரியும் வளைவு அழுக்காக இருக்கும். அல்லது பனி. இங்கே எல்லாமே பனி.

யெல்லே

பின்குறிப்பு: அந்தப் படத்தில் இஞ்சினுக்குப் பின்னால் இருப்பது மரக்கட்டை வண்டியா, காகித வண்டியா? சும்மா கேட்கிறேன்.


ஓல்டன்சால்
21 பிப்ரவரி

அன்புள்ள யெல்லே,

சக்கரம் தட்டுவதைப் பற்றி நான் சொன்னது தப்பு. அதை இந்தக் கடிதத்தின் முதல் வரியாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்த வரியிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கண்ணைப் பார்த்தாயா? மூக்கைப் பார்த்தாயா? சரி, கழுத்துக்குப் பின்னால் என்னடா இருந்தது? முதுகில் ஜெர்மனியைப் பார்த்தாயா? தொடையில் இத்தாலி இருந்ததா? விருந்தில் நீ "பசுவைப் பார்த்தேன்" என்றாய். இப்போதுதான் முகத்தை மட்டும் பார்த்தேன் என்கிறாய்! இரண்டும் ஒன்றா?

பசுவின் தலை முழுவதும் ஓட்டுநர் அறையின் மேல்தான் வரையப்பட்டிருந்தது. உடம்பு நடுச்சுவரில். இஞ்சின் எதன் மேலாவது மோதினால் நசுங்குவது ஓட்டுநர் அறை. அதை அப்படியே கழற்றி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்துவார்கள். எங்கள் தெருவில் வெய்மா வீட்டு வாசல் மீது பால் லாரி ஏறியது நினைவிருக்கிறதா? கதவு, நிலை எல்லாம் புதிது. அவர் இன்னும் அதே வீட்டில்தானே சூப் குடிக்கிறார்? அப்போது குப்பையில் கிடந்த பழைய கதவைப் பார்த்து, வெய்மாவின் வீடே போய்விட்டது என்று யாராவது சொன்னோமா?

சங்கத்தில் விசாரித்தேன். ரேவன்லோக்கின் இஞ்சின் ஒன்று ரயில்வே கேட்டில் மரம் ஏற்றிய லாரியோடு மோதியது உண்மையாம். நல்லவேளை, ஓட்டுநர் பின்னால் ஓடித் தப்பித்தார். புது முகம் வைத்தார்கள். அப்போதே தெற்கு நாடுகளுக்கான கருவிகளை எடுத்துவிட்டு டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் வேண்டியதைப் பொருத்தினார்களாம். வகை மாறினால் எண்ணும் மாறும். ஆக, முகம் மாறிவிட்டது, பெயர் மாறிவிட்டது, சட்டையும் மாறிவிட்டது. அதை எப்படித்தான் அடையாளம் கண்டுபிடிப்பது?

இப்படித்தான். என் வகுப்பு மேசைகளுக்கு ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் புதுச் சாயம் அடிப்பார்கள். பிள்ளைகள் கீறிய பெயர்களெல்லாம் மறைந்துவிடும். ஆனால் காலை எட்டரை மணிக்கு ஜன்னல் வழியே வெயில் மேசைமேல் படுக்கும்போது, எல்லாப் பெயர்களும் எழுந்து உட்காரும். மதியம் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ரேவன்லோக்காரர்கள் பசுவை அடுக்கடுக்காகச் சாயம் தோய்த்துத் தடிமனாக வரைந்திருந்தார்கள். அதன் மேல் இப்போது ஒட்டியிருப்பது வெறும் வெள்ளை ஒட்டுத்தாள். விளிம்பு தெரியாமல் போகாது.

சூரியன் தாழ்ந்திருக்கும்போது போ. நேராக நின்று பார்க்காதே. சுவரோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு நீளவாக்கில் பார். இத்தாலியைத் தேடு. பூட்ஸ் கால் வடிவத்தை யாராலும் தவறவிட முடியாது.

நீ கேட்டாயே, படத்தில் இருப்பது மரக்கட்டை வண்டி.

ரென்ஸ்கே


ஹால்ஸ்பெர்க்
2 மார்ச்

அக்கா,

முதலில் மதியம் போனேன். வெள்ளை. அப்பழுக்கில்லாத வெள்ளை. உன்னை நன்றாகத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மீன் சாப்பிட்டேன்.

குனில்லா சும்மா இருந்தாளா? "உங்க அக்கா சூரியன் தாழ்ந்திருக்கும்போதுன்னுதான எழுதியிருக்காங்க? நீ எதுக்கு மதியம் போன? தப்பா நடக்கணும்னே போனியா?" என்றாள். பதில் சொல்ல வாய் திறந்தேன், மீன் முள் குத்தியது.

நேற்றுக் காலை போனேன். மரக்கட்டை வண்டியோடு 931 நின்றிருந்தது. ஒரு பக்கம் வேறொரு வண்டி ஒட்டி நின்றதால் நெருங்க முடியவில்லை. மறுபக்கம் திறந்திருந்தது. வெயில் தண்டவாளத்தின் மேல் உருண்டு வந்துகொண்டிருந்தது. நீ சொன்னபடி கன்னத்தைச் சுவரில் ஒட்டினேன். எத்தனை குளிர் தெரியுமா? கன்னம் உரிந்து வந்துவிடும் போலிருந்தது. ஓட்டுநர் மேலே ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, இஞ்சினுக்கு முத்தம் குடுக்குறியா?"

"காய்ச்சல் இருக்கான்னு பாக்குறேன்."

"இருந்தா லீவு எழுதிக் குடு. நானும் வீட்டுக்குப் போறேன்."

அப்போது பார்த்தேன், அக்கா. சுவர் முழுவதும் கோடுகள்! தோலுக்குள் நரம்பு ஓடுவது மாதிரி. ஒரு பெரிய வளைவு, அது வயிறாக இருக்கலாம். பின்னால் ஒரு சுருள். தொடை இருக்க வேண்டிய இடத்துக்குப் போனேன். பூட்ஸ்! கணுக்கால், குதிகால், நுனி எல்லாம் விரலுக்குத் தட்டுப்பட்டது. நான் கத்தியே விட்டேன்.

பிறகுதான் கவனித்தேன். இத்தாலியின் கால் நுனி இடப்பக்கம் பார்க்க வேண்டும். நீயே எனக்கு அட்லஸ் வைத்துச் சொல்லிக் கொடுத்தவள். இதன் நுனி வலப்பக்கம் பார்க்கிறது. கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி தடவிப் பார்த்தேன். வலப்பக்கம்தான்.

ஆகவே இது இத்தாலி இல்லை. யாரோ ஒரு காலுறைக் கம்பெனி விளம்பரமாக இருக்கும். சுருள் கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தாக இருக்கும். உன் வகுப்பு படத்தைத் தப்பாக வரைந்திருக்க நீ விட்டிருக்க மாட்டாய், அது உலகத்துக்கே தெரியும்.

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. இந்த முறை நீ சொல்வதுதான் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

யெல்லே


ஓல்டன்சால்
7 மார்ச், அவசரத் தபால்

யெல்லே! யெல்லே! யெல்லே!

அதுதான்! அதேதான்! வலப்பக்கம் பார்க்கிறது என்பதால்தான் அது எங்கள் இத்தாலி!

கேள். பிள்ளைகள் வரைந்தது ஒரே ஒரு படம், இடப்பக்கச் சுவருக்கு. மறுபக்கமும் பசு அதே திசையில் ஓடுவது போலத் தெரிய வேண்டும் என்று சாயப் பட்டறைக்காரர் படத்தைக் கண்ணாடியில் தெரிவது மாதிரித் திருப்பிப் போட்டுவிட்டார். பசுவைத் திருப்பினால் பசு. இத்தாலியைத் திருப்பினால்? ஜெர்மனியைத் திருப்பினால்? போலந்து மேற்கே வந்துவிடாதா? நான் அவரிடம் சண்டை போட்டேன்.

"ஐயா, இது தேசப்படம். இதைத் திருப்பக்கூடாது."

"அம்மா, இது மாடு. மாட்டுக்கு ஏது மேற்கு கிழக்கு?"

"முப்பது பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்துல போகுது. அதுல எவன் இத்தாலியப் பாக்கப் போறான்?"

நீதான் பார்த்தாய், என் தம்பி! கையுறையைக் கழற்றிப் பார்த்தாய்! இந்த வெட்கத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை; பூகோளம் சொல்லிக் கொடுக்கும் டீச்சரின் இஞ்சினில் பாதி ஐரோப்பா இடவலம் மாறி ஓடுகிறது என்று எப்படிச் சொல்வேன்? திறப்பு விழாவில் பிள்ளைகளை எல்லாம் சரியான பக்கத்திலேயே நிற்க வைத்துவிட்டேன். ஃபென்னா மட்டும் நழுவி மறுபக்கம் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, என் காதில், "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் டீச்சர்" என்றாள்.

வேறெந்த இஞ்சினிலும் இந்தத் தப்பு இருக்க முடியாது. கைரேகை மாதிரி.

இன்று ரொட்டிக்கடையில் வைத்தே ஃபென்னாவிடம் சொல்லிவிட்டேன். அவள் மாவுக் கையோடு என்னைக் கட்டிப் பிடித்ததில் என் கோட்டு முழுவதும் வெள்ளை.

குனில்லாவுக்கு ஒரு பெரிய திராட்சை ரொட்டி அனுப்புகிறேன். உனக்கும் ஒரு துண்டு தரச் சொல்.

ரென்ஸ்கே


ஹால்ஸ்பெர்க்
15 மார்ச்

அக்கா,

ரொட்டி வந்தது. எனக்கு ஒரு துண்டுதான் கிடைத்தது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் உரக்கப் படித்தேன். யார்டே சிரித்தது. காய்ச்சல் ஓட்டுநர் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். இப்போது அவர் 931ஐப் பார்க்கும்போதெல்லாம் "அம்மா" என்று கத்துகிறார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முகத்தை மட்டும் பார்த்துவிட்டு மரணச் செய்தி சொல்லிவிட்டேன். வண்டிப் பரிசோதகன் கொக்கியை மட்டும் பார்த்து வண்டியை அனுப்பினால் அன்றே வேலை போய்விடும்.

இனி கெட்ட செய்தி. உட்கார்ந்து படி. இங்கே நூர்ஃபிராக்ட் ஆட்களுக்குத் தலைவர் டோர்பியோர்ன். அவரிடம் பசுவைப் பற்றிச் சொல்லப் போனேன். "சீக்கிரம் பாத்துக்க. ஏப்ரலோட வாடகை முடியுது" என்றார். இஞ்சின் உரிமையாளரிடம் திரும்பப் போகிறது. உங்கள் நாட்டின் தெற்கே ஒரு பணிமனையில் வெள்ளைத்தாளை உரித்து, அடியில் இருக்கும் சாயம் எல்லாவற்றையும் இரும்பு தெரியும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிடுவார்களாம். புது வாடகைக்காரருக்கு ஊதா வேண்டுமாம்.

மூடிய கொட்டகைக்குள் உரிப்பார்கள், அன்றே தேய்ப்பார்கள். உன் பிள்ளைகள் பார்க்க வழியில்லை. உங்கள் ஊர் வழியாகத்தான் போகும், ஆனால் வெள்ளையாகத்தான் போகும். கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

யெல்லே


ஓல்டன்சால்
20 மார்ச், அவசரத் தபால்

யெல்லே,

உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் படித்தேன். இப்போதும் நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

அந்த வெள்ளை ஒட்டுத்தாள் யாருடையது? ரேவன்லோக்குடையதா, நூர்ஃபிராக்டுடையதா? 'நூர்ஃபிராக்ட்' என்று எழுதியிருக்கிறது என்றால் அது வாடகைக்காரர் போட்ட அட்டை. வருடக் கடைசியில் அட்டையைக் கழற்றிவிட்டுத்தான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்! அட்டையோடு கொண்டுவந்த பிள்ளைகளை நான் எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன்! வாடகை இஞ்சின்களுக்கும் அதுதான் வழக்கம் என்று சங்கத்தில் அடித்துச் சொல்கிறார்கள். தன் ஒட்டுத்தாளை வாடகைக்காரர்தான் தன் செலவில் எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டுமாம். சோம்பேறித்தனத்தால் பலர் பணிமனைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

டோர்பியோர்னிடம் போய் மரியாதையாகக் கேள். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பார்க்கச் சொல். நீ கத்தாதே. நீ கத்தினால் எல்லோரும் எதிர்ப்பக்கம் சேர்ந்துகொள்வார்கள், அதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

அங்கேயே உரித்துவிட்டால், அங்கிருந்து பணிமனை வரை, டென்மார்க், ஜெர்மனி முழுவதும், நம் பென்ட்ஹைம் வழியாக, பசுவாகவே ஓடும். உனக்குப் புரிகிறதா? பசுவாகவே!

ரென்ஸ்கே


ஹால்ஸ்பெர்க்
2 ஏப்ரல்

அக்கா,

நான் கத்தவில்லை. குனில்லா கூட வந்தாள், கத்த விடவில்லை.

டோர்பியோர்ன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க அக்கா வக்கீலா?"

"டீச்சர்."

"அதவிட மோசம்" என்றார். "சரி, நாங்கதான் உரிக்கணும். ஆனா என்கிட்ட ஆளு இல்ல."

அவ்வளவுதான். காய்ச்சல் ஓட்டுநர், நான், குனில்லா, கொட்டகை ஆட்கள் சிலர், எல்லோரும் கை தூக்கினோம். ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குள் நிறுத்தினார்கள். தாளைச் சூடாக்கினால் பசை இளகும். குனில்லா தன் முடி உலர்த்தியையே எடுத்து வந்தாள். ஒரு மூலையை நகத்தால் கிளப்பிப் பிடித்து இழுத்தால், வாழைப்பழத் தோல் மாதிரி நீளமாக வருகிறது! முதலில் கறுப்பாக ஒரு குளம்பு. பிறகு கால். ஆஸ்திரியா வந்தபோது யாரோ பெயர் சொல்லிக் கத்தினார்கள். பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு திட்டு வெளியே வரும்போதும் யார் முதலில் நாட்டின் பெயரைச் சொல்வது என்று போட்டி. ஜெர்மனியைக் கண்டுபிடிக்கத்தான் ரொம்ப நேரமானது. திருப்பிப் போட்டிருந்ததால் எல்லோரும் பிரான்ஸ் என்றார்கள். அந்தப் பட்டறைக்காரரை நானும் மன்னிக்க மாட்டேன்.

சாயம் நேற்று அடித்த மாதிரி இருக்கிறது, அக்கா. தாள் வெயில் படாமல் பத்திரமாக மூடி வைத்திருந்திருக்கிறது.

ஆனால் ஒன்று. மனதைத் திடப்படுத்திக்கொள். கழுத்து வரைதான் இருக்கிறது. புது ஓட்டுநர் அறை வெறும் வெள்ளை. தலை இல்லை. கத்தியால் வெட்டிய மாதிரி நின்றுவிடுகிறது. அப்புறம் காய்ச்சல் ஓட்டுநர்தான் ஏணி போட்டு முன்னால் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இப்ப இருக்கு, பாத்துக்குங்க" என்று சொல்லி, மாடு மாதிரி அம்மா அம்மா எனக் கத்தினார். சிரித்துச் சிரித்து குனில்லாவுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

பதினொன்றாம் தேதி மரக்கட்டை வண்டியோடு கிளம்புகிறது. பதிமூன்று, சனிக்கிழமை, பகலில் பென்ட்ஹைமைக் கடக்கும். நிற்காது. உன் பிள்ளைகளை எல்லாம் கூப்பிடு. நானும் வருகிறேன். கூட்ஸ் வண்டியில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், அதனால் டிக்கெட் வாங்கிவிட்டேன். ஹாம்பர்க்கில் வண்டி மாறி, உனக்கு முன்னால் போய் நிற்பேன்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். நேரத்தைச் செய்தியாக அனுப்புகிறேன். ஆனால் போனில் கூப்பிடாதே. முதலில் நேரில் பேசலாம்.

யெல்லே


ஓல்டன்சால்
17 ஏப்ரல்

அன்புள்ள யெல்லே,

நீ பத்திரமாக ஊர் சேர்ந்ததாகக் குனில்லா செய்தி அனுப்பினாள். மூன்று நாள் இங்கே இருந்து இடைவிடாமல் பேசிவிட்டுப் போயிருக்கிறாய். ஆனாலும் அந்த நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே எழுதுகிறேன். எனக்கு எழுதத்தான் வரும்.

நாங்கள் காலையிலேயே போய்விட்டோம். நிலையக் கட்டிடம் இருக்கும் பக்கத்து நடைமேடையில் என் பிள்ளைகள். ஒருவன் வழுக்கை. ஒருத்தி நிறைமாதம். பன்றி வால் வரைந்தவன் இப்போது வங்கி மேலாளர். அன்று டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். ஃபென்னா கூடை நிறைய ரொட்டி கொண்டுவந்தாள். தலை இல்லை என்று அவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தேன். "பரவால்ல டீச்சர், எனக்கும் முடி இல்ல" என்றான் வழுக்கை.

உன் வண்டி தாமதம். பலகையில் நிமிடங்கள் ஏறிக்கொண்டே போயின. கடைசியில் எதிர் நடைமேடையில் வந்து நின்றது. ஜன்னல் ஜன்னலாக உன்னைத் தேடினேன். அது போனதும், பெட்டியும் கையுமாக நீ நிற்கிறாய். நமக்கு நடுவில் வெறும் தண்டவாளங்கள். அப்போதுதான் 'கடந்து செல்லும் வண்டி, விலகி நில்லுங்கள்' என்று ஒலிபெருக்கி கத்தியது. நீ சுரங்கப்பாதையைப் பார்த்து ஓட ஆரம்பித்தாய்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு தம்பியைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தையை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

"அங்கயே நில்லுடா! அந்தப் பக்கத்தப் பாரு!"

"என்னக்கா?"

"அந்தப் பக்கம்! நான் இந்தப் பக்கம் பாக்குறேன்! நீ அந்தப் பக்கம்!"

பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, பத்து வயதுக் குரலில், "நில்லுங்க மாமா!" என்று கத்தினார்கள். நீ பெட்டியைக் கீழே போட்டுவிட்டு நின்றாய்.

வந்தது. முதலில் வெறும் வெள்ளை முகம். அதன் பின்னால் நீளமாக, கறுப்பும் வெள்ளையுமாக, எங்கள் பசு. யெல்லே, நான் எதிர்பார்த்திருந்ததைவிடப் பெரிது! நினைவில் அது எங்கேயோ சின்னதாகிவிட்டிருந்தது. எங்கள் பக்கம் வந்தது திருப்பிப் போட்ட பக்கம்தான். முப்பது வயதைத் தொடும் பிள்ளைகள் முன்னால் என் தப்பான ஐரோப்பா மணிக்கு நூறு கிலோமீட்டரில் ஓடியது. நான் கையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஃபென்னா என் கையைப் பிடித்து இறக்கினாள். "பாருங்க டீச்சர். இதுக்குத்தான வந்தோம்?" வங்கி மேலாளர் டையைச் சுழற்றிக்கொண்டு குதித்தான். நிறைமாதக்காரி குதிக்க முடியாமல் கத்தினாள். ஓட்டுநர் ஹாரன் ஊதினார், ஊதிக்கொண்டே போனார்.

அதன் பின்னால் கட்டை ஏற்றிய பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி நடுவில் இருந்த இடைவெளியில் நீ தெரிந்தாய், மறைந்தாய், தெரிந்தாய். ஒரு தடவை வாய் திறந்திருந்தது. ஒரு தடவை தொப்பியைக் கையில் வைத்திருந்தாய். ஒரு தடவை கண்ணைத் துடைத்தாய்.

பிள்ளைகள் வண்டி போன திசையில் நடைமேடையின் கோடி வரை ஓடினார்கள், பசு கண்ணுக்கு மறையும் வரை. நானும் அப்படித்தான் ஓடியிருப்பேன், என் முழங்கால் விட்டிருந்தால். ஓட முடியாததால் நின்ற இடத்திலேயே நின்றேன். கடைசிப் பெட்டி போனது. சத்தம் அடங்கியது. நேர் எதிரே நீ நின்றாய், நீயும் ஓடவில்லை. உன் தலை நரைத்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றோம் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அதனால்தான் நாம் அதைப் பற்றிப் பேசவில்லை என்று நினைக்கிறேன்.

இந்நேரம் பணிமனையில் உப்புத்தாள் போட்டிருப்பார்கள். போடட்டும். அடுத்த மாதம் அது ஊதா நிறத்தில் இந்த வழியே போகும். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

பிள்ளைகள் அன்று எடுத்த படங்களில் பசு இருக்கிறது, நீ இல்லை. ஆகவே உனக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். அடுத்த முறை நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று உன் எதிரே கடந்து போகும்போது, அதன் பின்னால் தலையைத் திருப்பாதே. கடைசிப் பெட்டி போகும் வரை நின்று, எதிர்ப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்.

உன் அக்கா,
ரென்ஸ்கே